கரும்பொட்டுப் பாசியின் இரண்டாவது சீட்டு

மேல்மலையில் கல்பாசி ஆய்வு நிலையம் ஒன்று இருந்தது. ஓட்டுக் கட்டடம், இரண்டு அறை, நான்கு நுண்ணோக்கி, ஓர் இரும்பு அலமாரி. அங்கே ஆசிரியருக்கு வயது நாற்பத்து நான்கு. அவரிடம் படித்த ஆறு பேரில் மூத்தவருக்கு ஐம்பத்தெட்டு.

ஆசிரியர் பெயர் பிரகதாம்பாள், புதுக்கோட்டைக்காரர். மூத்த மாணவர் பெயர் அருஞ்சுனை. விருதுநகரில் மளிகைச் சரக்கு மண்டி வைத்திருந்தவர். பிரியாணிக்கும் குழம்புக்கும் வாசனைக்காகப் போடுகிற கல்பாசியை மூட்டை மூட்டையாக இறக்கி, தரம் பிரித்து, ஊர் ஊராக அனுப்பியவர். ஒருநாள் மண்டியை மகள் கையில் கொடுத்துவிட்டு மலையேறி வந்துவிட்டார்.

அவர் ஆசிரியரை "டீச்சர்" என்பார். ஆசிரியர் அவரை "அண்ணாச்சி" என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் யாரிடம் யார் படிக்கிறார்கள் என்பது பிடிபடவே அரை நாள் ஆகும்.

வந்த அன்று அருஞ்சுனை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இருபத்தேழு வருசம் இந்தச் சரக்கைத் தொட்டிருக்கேன் டீச்சர். இது செடியா, காளானா, கல்லுல படியுற அழுக்கா? தெரியாமலே போய்ச் சேந்துருவேனோன்னு இருக்கு."

ஆசிரியர் காய்ந்து சாம்பல் நிறத்தில் கிடந்த கல்பாசித் துண்டு ஒன்றை எடுத்துச் சாஸரில் வைத்தார். மேலே தண்ணீர் தெளித்தார்.

"டீ குடிச்சிட்டு வாங்க."

அவர் குடித்துவிட்டு வந்தபோது துண்டு பச்சையாகியிருந்தது.

"உசுரோடவா இருக்கு?"

"ரெண்டு உசுரு அண்ணாச்சி. பூஞ்சை வீடு கட்டிக் குடுக்குது. உள்ள இருக்கிற பச்சைப் பாசி வெயிலை வச்சுச் சமைக்குது. அந்தக் குடித்தனத்துக்குத்தான் கல்பாசின்னு பேரு."

அருஞ்சுனை அந்தச் சாஸரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "குடும்பத்தையே மூட்டை கட்டி அனுப்பியிருக்கேன்" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவர் இரண்டு வருடமாகியும் எழுந்திருக்கவில்லை.

அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. பூஞ்சைகளின் நீளமான பெயர்கள் நாக்கில் நிற்கவில்லை. ஆனால் கை இருந்தது. கண் இருந்தது. கல்பாசியை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமானால் சவர பிளேடால் சீவல் எடுக்க வேண்டும். மற்ற மாணவர்கள் சீவினால் அது பலகை. அண்ணாச்சி சீவினால் வெங்காயத்தின் உள்தோல்.

அந்த நிலையத்துக்கு ஒரு பெருமை உண்டு. ஆசிரியருக்கு இருபத்தைந்து வயதாக இருக்கும்போது, பக்கத்துத் தொப்பிப்பாறையில் ஏறி ஒரு கல்பாசியைக் கண்டுபிடித்தார். சாம்பல் இலை, அதன்மேல் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் பொட்டுகள். கல்பாசி வகையறாவில் எல்லாவற்றுக்கும் வித்து கண்ணாடிபோல நிறமில்லாமல், ஒற்றை அறையோடு இருக்கும். இந்தப் பொட்டுக்குள்ளே இருந்த வித்து காப்பிக்கொட்டை நிறம். அதிலும் இரண்டு அறை, செருப்புத் தடம் மாதிரி. அப்படி ஒன்றை எவரும் பார்த்ததில்லை. அவர் எழுதினார், உலகம் ஏற்றுக்கொண்டது. கரும்பொட்டுப் பாசி என்று பெயர் வந்தது. ஓர் உயிரை முதலில் எழுதிவைத்தவரின் பெயரை அதன் பெயருக்குப் பின்னால் சேர்த்து எழுதுவது அந்தத் துறையின் முறை. எனவே உலகத்தில் எந்த மூலையில் யார் கரும்பொட்டுப் பாசி என்று எழுதினாலும், பக்கத்தில் பிரகதாம்பாள் என்றும் எழுதியாக வேண்டும்.

அன்று அவர் எடுத்த அதே துண்டு, காகித உறைக்குள், இரும்பு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. முதல் உறை என்பார்கள். அந்தப் பெயருக்கு அதுதான் சாட்சி. உறையின் மேல் இருபத்தைந்து வயதுப் பெண்ணின் குண்டு எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

இந்த உறைகள் விஷயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஒட்டிய சீட்டை இன்னொருவர் கிழிக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. மாற்றுக் கருத்து இருந்தால் தன் சீட்டை எழுதி அதன் கீழே ஒட்ட வேண்டும். என்ன கண்டேன், என் பெயர், தேதி. நூறு வருடப் பழைய உறைகளில் ஏழெட்டுச் சீட்டுகள்கூட இருக்கும். முதல் உறையில் பத்தொன்பது வருடமாக ஒரே சீட்டுதான்.

மாசி மாதம் ஏழு நாடுகளிலிருந்து அறிஞர்கள் வருவதாகக் கடிதம் வந்தது. கரும்பொட்டுப் பாசியை அதன் பாறையிலேயே பார்க்க வேண்டுமாம்.

ஆசிரியர் அலமாரிச் சாவியை அருஞ்சுனையிடம் கொடுத்தார்.

"பாறைக்குப் போயிப் புதுசா எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி. சீவலும் நீங்கதான் எடுக்கணும். முதல் உறையைப் பக்கத்துல வச்சு ஒத்துப் பாத்துக்கங்க."

மற்ற ஐந்து பேருக்கும் கொஞ்சம் வயிறு எரிந்தது. அருஞ்சுனைக்கு உச்சி குளிர்ந்துபோனது. மறுநாள் விடிந்ததும் தொப்பிப்பாறையில் இருந்தார்.

இரண்டு நாள் பாறையை விரல் விரலாகப் பார்த்தார். மூன்றாம் நாள் ஓர் இலையின்முன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஒரே இலை. அதன் ஒரு பாதியில் கறுப்புப் பொட்டுகள். மறு பாதியில் எல்லாக் கல்பாசியிலும் இருப்பதுபோல வித்து விளையும் சின்னச் சின்னக் கிண்ணங்கள், இலையின் தோலே மடிந்து விளிம்பு கட்டியவை. பொட்டுகளுக்கு அந்த விளிம்பு இல்லை.

கொண்டுவந்து சீவினார். கிண்ணத்துக்குள் நிறமில்லாத ஒற்றை அறை வித்து. பொட்டுக்குள் காப்பிக்கொட்டை நிற இரட்டை அறை வித்து. ஒரு தாய்க்கு இரண்டு சாதிப் பிள்ளை பிறக்காது. பொட்டு பாசியுடையது இல்லை. அது வேறொரு பூஞ்சை. கல்பாசியின் மேல் மட்டுமே குடியிருந்து, அதன் சோற்றையே தின்று வாழும் ஒட்டுண்ணி. அந்த ஒட்டுண்ணியின் வித்தைப் பாசியின் வித்து என்று எண்ணி, அதை வைத்து ஒரு புதுப் பாசிக்குப் பெயர் சூட்டியாகிவிட்டது. பாசி என்னவோ பழைய பாசிதான்.

கரும்பொட்டுப் பாசி என்று ஒன்று உலகத்தில் இல்லை.

அருஞ்சுனைக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதர் யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்திருக்கிறார். அடுத்த நிமிடம் அது யாருடைய பாசி என்பது நெஞ்சில் உறைத்தது.

மூன்று நாள் ஆசிரியரின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நான்காம் நாள் ஒரு காரியம் செய்தார். சின்னச் சீட்டொன்றில் பென்சிலால், எறும்பு எழுத்தில் இப்படி எழுதினார்: 'பொட்டு இப்பாசியின் கிண்ணம் அன்று. மேலே வாழும் ஒட்டுண்ணிப் பூஞ்சை. பாசி வழக்கமான கல்பாசியே.' பெயர் போடவில்லை. தேதி போடவில்லை. முதல் உறையின் மேல் ஒட்டாமல், உள்ளே, துண்டுக்கு அடியில் செருகிவைத்துவிட்டார். பொய்யும் சொல்லவில்லை, டீச்சர் மனதையும் நோகடிக்கவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மண்டிக்காரர் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

விருந்தினர் வருவதற்குப் பத்து நாள் முன்பு ஆசிரியர் முதல் உறையைத் திறந்தார்.

அன்று காலை ஆறு மாணவர்களும் மேஜைமுன் நின்றார்கள். ஆசிரியர் கையில் அந்தச் சீட்டு இருந்தது.

"இதை எழுதினது யாரு?"

அவர் குரல் உயர்ந்து அவர்கள் அதுவரை கேட்டதில்லை.

"யாருன்னு கேட்டேன்."

அருஞ்சுனை ஓரடி முன்னால் வந்தார்.

"நான்தான் டீச்சர். மன்னிச்சிருங்க."

"எதுக்கு மன்னிப்பு?"

"உங்க பாசியைப் போயி நான்..."

"பாசியை நான் கேக்கல. இதுல பேரு எங்க?"

அருஞ்சுனை தலையைக் குனிந்துகொண்டார்.

"தேதி எங்க?"

ஆசிரியர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"பேனாவுக்கா பஞ்சம்? எதுக்குப் பென்சில்? யாராச்சும் அழிச்சிரட்டும்னா?"

"நீங்க போனதுக்கப்புறம் யாராச்சும் பாத்துக்கிடட்டும்னு நெனச்சேன் டீச்சர்."

"நான் எங்க போறேன்? உங்களைவிடப் பதினாலு வயசு சின்னவ நான்."

பின்னால் நின்ற ஒருவருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

"இதுக்குப் பேரு சீட்டு இல்ல அண்ணாச்சி, மொட்டைக் கடுதாசி" என்றார் ஆசிரியர். "ரெண்டு வருசமா என்கிட்ட நீங்க கத்துக்கிட்டது இதுதானா?"

அருஞ்சுனைக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தேழு வருட மண்டி வாழ்க்கையில் எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். ஒன்றும் இப்படிச் சுட்டதில்லை.

"செருப்பைப் போடுங்க. பாறைக்குப் போவோம்."

இருவரும் ஏறினார்கள். அருஞ்சுனை அந்த இலையைக் காட்டிவிட்டு நகர்ந்து நின்றார். ஆசிரியர் மண்டியிட்டு, லென்ஸைக் கண்ணில் வைத்தார். வெயில் முதுகில் ஏறியது. அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்து இலை, அடுத்த இலை என்று பாறையின் ஓரம் முழுவதும் முழங்காலாலேயே நகர்ந்து பார்த்தார். அருஞ்சுனைக்கு அவரைப் பார்க்கவே தாங்கவில்லை. பேசாமல் மண்டியிலேயே கிடந்திருக்கலாம் என்று நினைத்தார்.

கடைசியில் ஆசிரியர் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இந்த மாதிரி இலை அன்னைக்கும் இருந்துச்சு அண்ணாச்சி."

"பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்தேன். வேற பாசி ஏதோ கலந்திருக்குன்னு நெனச்சுக் கிண்ணம் இருந்த பக்கத்தையெல்லாம் நகத்தால கிள்ளித் தள்ளிட்டேன். முதல் உறைக்குச் சுத்தமான துண்டா வேணும்னு."

அருஞ்சுனையும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மண்டியில நாங்க பொட்டு விழுந்ததை எல்லாம் சொத்தைன்னு தூக்கிப் போட்டுருவோம்."

"நீங்க பொட்டைத் தூக்கிப் போட்டீங்க. நான் பொட்டு இல்லாததைத் தூக்கிப் போட்டேன்" என்றார் ஆசிரியர். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே கண்ணையும் துடைத்துக்கொண்டார். இருபத்தைந்து வயதிலிருந்து கூடவே வந்த ஒன்று போகிறது, வலிக்கத்தானே செய்யும்.

"உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"சீனியம்மான்னு ஒருத்தி டீச்சர். எங்க மண்டியில பாசி பொறுக்குவா. அவதான் சொல்லுவா, 'இது பாசியோடது இல்ல மொதலாளி, எங்கிருந்தோ வந்து உக்காந்துக்கிட்டது, பக்கத்துல வச்சா அதுக்கும் தொத்திக்கிரும்'னு. நான் அப்ப காதுலயே வாங்கல."

இறங்கும்போது அருஞ்சுனை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டீச்சர், என் மேல கோவம் போயிருச்சா?"

ஆசிரியர் நடையை எட்டிப் போட்டார். நிலையத்துக்குள் வந்ததும் முதல் உறையை எடுத்துத் தன் மேஜையில் வைத்தார். பசைப் புட்டியையும், வெள்ளைச் சீட்டையும், தன்னுடைய மைப்பேனாவையும் பக்கத்தில் வைத்தார். தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க."

"அது உங்க..."

"உக்காருங்க அண்ணாச்சி."

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மற்ற ஐந்து பேரும் சுற்றி நின்றார்கள். எழுத ஆரம்பித்தார். மூட்டைகளின் மேல் மைக்குச்சியால் எழுதிப் பழகிய கை. எவ்வளவு அடக்கியும் எழுத்து பெரிது பெரிதாக வந்தது. ஆசிரியரின் சீட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தபோது, மேலே இருந்தது ஒடுங்கித் தெரிந்தது.

"பெருசா விழுந்துருச்சு டீச்சர். வேற எழுதவா?"

"நல்லாத்தான் இருக்கு. தூரத்துலேருந்து படிக்கலாம்."

பெயர் எழுதினார். ஊர் எழுதினார். தேதி எழுதினார். ஊதி ஊதி மையைக் காயவைத்து, ஒட்டினார்.

"இந்தப் பூஞ்சைக்கு இனிமே பேரு வைக்கணும்" என்றார் ஆசிரியர். "கண்டவர் பேரு பின்னால தானா வந்துரும். தன் பேரையே அதுக்குப் பேரா வச்சுக்கிறது இங்க வழக்கமில்ல. இன்னொருத்தர் பேரை வைக்கலாம்."

"உங்க பேருதான் டீச்சர். வேற யாரு பேரை வைப்பேன்?"

"கூடாது."

"ஒட்டுண்ணிக்குப் போயி வைக்கிறோமேன்னா?"

"ஒட்டுண்ணின்னா கேவலமா? பாறையில பாசி, பாசியில அது. நம்ம கண்ணுலயே இத்தனை வருசம் மண்ணைத் தூவியிருக்கு, லேசுப்பட்டதா? அதுக்கில்ல. என் பேரை வச்சா அது நீங்க என்கிட்டக் கேக்குற மன்னிப்பு. அந்த மன்னிப்பை உலகம் பூராவும் எழுதிக்கிட்டே இருக்கணுமா?"

அருஞ்சுனை பேனாவை மூடிவைத்தார்.

"பாசியோடது இல்லைன்னு முதல்ல சொன்னது யாரு?"

"சீனியம்மா."

"அப்புறம் என்ன யோசனை?"

மறுநாளே அவர் விருதுநகருக்குப் போன் போட்டார். தன் பெயரை ஒரு பூஞ்சைக்கு வைக்கப்போகிறார்கள் என்பதைச் சீனியம்மா நம்பவில்லை. மலைக்காற்று மொதலாளிக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று அவர் மகளிடம் விசாரித்தாராம்.

மாசியில் அறிஞர்கள் வந்தார்கள். பன்னிரண்டு பேர். எல்லோரும் சின்ன அறைக்குள் நெருக்கி நின்றார்கள். ஆசிரியர் முதல் உறையை மேஜையில் வைத்து, ஆங்கிலத்தில் பேசினார்.

"என் பாசியைப் பார்க்க வந்திருக்கிறீர்கள். அப்படி ஒரு பாசி இல்லை. நான் தவறாக எழுதிவிட்டேன். இருப்பது என்ன என்பதை இவர் காட்டுவார்."

ஓரிருவர் தரையைப் பார்த்தார்கள். ஆசிரியர் அருஞ்சுனையின் தோள் தெரியும்படி விலகி நின்றார். பிறகு விருந்தினருக்கு டீ பார்க்க அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

வந்தவர்களிலேயே வயதானவர் குளிர்நாட்டுக்காரர், எண்பதைத் தாண்டியவர். அவர்தான் முதலில் நுண்ணோக்கியில் குனிந்தார். ஒரே சீவலில் கிண்ணமும் பொட்டும் அருகருகே தெரிந்தன. வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார். உறையை எடுத்து இரண்டு சீட்டையும் மாறி மாறிப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு அருஞ்சுனையைப் பார்த்து ஏதோ கேட்டார்.

மாணவர்களில் ஒருத்தி மொழிபெயர்த்தாள். "இந்த வேலையை யாருகிட்டப் படிச்சீங்கன்னு கேக்குறார்."

இரண்டு வருடத்தில் அருஞ்சுனை ஆசிரியரின் பெயரை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. படிப்புச் சொல்லிக் கொடுத்தவர் பெயரைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மண்டி ஏலத்தில் தெருக்கோடி வரைக்கும் போகிற அந்தக் குரலை அப்படியே எடுத்தார்.

"புதுக்கோட்டை பிரகதாம்பாள்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பெரியவர் ஒரு கணம் திகைத்து, பிறகு அருஞ்சுனையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சாயங்காலம் வண்டிகள் மலையிறங்கின. ஆசிரியரும் அருஞ்சுனையும் உறைகளை அலமாரியில் அடுக்கினார்கள். மேல்தட்டில் முதல் உறையை வைக்கும்போது அருஞ்சுனையின் கை நின்றது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"பூஞ்சைக்குச் சீனியம்மா பேரு. சீட்டுல எம் பேரு. பாசி பழைய பாசி, அதுக்குப் பின்னால யாரோ ஒரு வெள்ளைக்காரர் பேரு. தொப்பிப்பாறையில உங்க பேருக்குன்னு இனிமே ஒண்ணுமே இல்லையே டீச்சர்."

ஆசிரியர் அலமாரியைப் பூட்டினார்.

"அந்தப் பெரியவர் உங்ககிட்ட என்ன கேட்டாரு?"

"யாருகிட்டப் படிச்சீங்கன்னு."

"என்ன சொன்னீங்க?"

"உங்களுக்குக் கேக்கலையா டீச்சர்? அந்தக் கத்து கத்துனேனே."

"கேட்டுச்சு" என்றார் ஆசிரியர். "இன்னொரு தடவை சொல்லுங்க."